கயிற்றில் கை வைத்தவர்

கரைவலை இழுக்கிறவனுக்கு முதலில் தேய்வது உள்ளங்கை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, குதிக்கால்தான். கடலைப் பார்த்தபடி, கயிற்றை இடுப்போடு கொடுத்து, மணலில் குதியை ஊன்றிப் பின்னுக்குப் பின்னுக்கு நடக்கிற வேலை அது. கை பிடித்துக்கொண்டு மட்டும் இருக்கும், பாரம் முழுக்கக் குதிக்குப் போகும். பதினொரு வயதில் வெடித்த என் குதிக்கால்கள் இன்னும் மூடவில்லை. அதனால்தான் கந்தோர் வேலைக்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வருகிறேன். கல்லூரியில் அதை ஒழுக்கம் என்று நினைக்கிறார்கள். நானும் திருத்தவில்லை.

செபநாயகம் ஐயா, நிர்வாக சபை உங்களை விசாரணைக்கு நியமித்தபோது எனக்குச் சந்தோசம். நீங்கள் கல்விப் பணிப்பாளராக இருந்து இளைப்பாறியவர், அலுவலகக் கோவை வாசிக்கத் தெரிந்தவர். உங்கள் முதற் கேள்வி, கலாநிதி கிருபைரட்ணத்தின் விசா ரத்தாவதற்குக் காரணமான கடிதத்தை அனுப்பியவர் யார் என்பது. நான்தான். கிறகோரி, நிர்வாக உத்தியோகத்தர். கையெழுத்து இருக்கிறது, முத்திரை இருக்கிறது, பிரதி கோவையில் இருக்கிறது. மொட்டைக் கடதாசி எழுதுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஒரு பக்கத்தில் எழுதித் தந்தால் போதும் என்றீர்கள். ஒரு பக்கத்தில் எழுதினால் நான் கெட்டவன் மாதிரித் தெரியும். அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

நான் குருநகரில் பிறந்தவன். என் அப்பா மீன் சுமந்தவர். மாமாவுக்கு வடமராட்சி கிழக்கில் ஒரு கரைவலை வாடி, அதாவது வலைக்காரர் தங்கித் தொழில் செய்கிற கொட்டில், இருந்தது. பள்ளிக்கூட விடுமுறை எல்லாம் எனக்குக் கயிறுதான். அந்தக் கயிற்றிலிருந்து பண்டத்தரிப்புப் பக்கத்திலுள்ள இந்தக் கல்லூரிக் கதிரைக்கு வந்து முப்பத்தொரு வருடம். உடம்பால் உழைத்தவனுக்குக் கடதாசி வேலை ஒரு விளையாட்டு. கடதாசி கனப்பதில்லை, நாறுவதில்லை, அலை அடித்தால் அறுவதுமில்லை.

எங்கள் கல்லூரியில் வெளிநாட்டு விரிவுரையாளர்களின் விசா வேலை முழுக்க என் மேசைதான். அதிபர் பியாட்றிஸ் மிஸ் நல்லவர், ஆனால் படிவத்தைக் கண்டால் அவவுக்குத் தலையிடி வரும். "கிறகோரி, எங்கை கையெழுத்து வைக்க எண்டு மட்டும் காட்டுங்கோ" என்பா. நான் காட்டுவேன். அவ வைப்பா. இதில் அவவுக்கு ஒரு பிழையும் இல்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

விதி சிக்கலானதல்ல. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவரை ஒரு கல்லூரி வேலைக்கு வைப்பதென்றால், முதலில் அந்த இடத்துக்கு விளம்பரம் போட வேண்டும். தகுதியான உள்ளூர் ஆள் இல்லை என்று காட்ட வேண்டும். பிறகு கல்லூரி அவருக்குப் பொறுப்பு நிற்கும். விசா ஒரு வருடத்துக்கு வரும், வருடா வருடம் புதுப்பிக்கலாம். விசாவில் எந்த வேலை எழுதியிருக்கிறதோ அதை மட்டும்தான் அவர் செய்யலாம். வேறு எந்த வேலையும் கூடாது, கூலிக்கும் கூடாது, கூலியில்லாமலும் கூடாது. மீறினால் பொறுப்பு நின்ற கல்லூரியே அறிவிக்க வேண்டும். அவர் போக வேண்டும்.

இது உள்ளூர் ஆட்களைக் காப்பாற்றுவதற்காக வைத்த விதி. நானும் உள்ளூர் ஆளைத்தான் காப்பாற்றினேன். ஒரே ஒரு ஆளை.

என் மகள் லவீனா மீன்வள விஞ்ஞானம் படித்தவள். ஐந்து வருடத்துக்கு முதல் நியூசிலாந்துக்குக் கலாநிதிப் பட்டத்துக்குப் போனாள். அவள் போன மாதமே எங்கள் கல்லூரியில் மீன்வள விரிவுரையாளர் இளைப்பாறினார். கதிரை காலி. இதைக் கடவுள் தந்த அறிகுறி என்று என் மனைவி றோஸ் சொன்னாள். நான் அறிகுறியை நம்புகிறவன் இல்லை. ஆனால் ஒரு கணக்கு எனக்குத் தெரியும். உள்ளூர் ஆள் அந்தக் கதிரையில் இருந்தால் அவருக்கு வேர் விட்டுவிடும், அறுபத்தைந்து வயது வரை அசைக்க முடியாது. வெளிநாட்டு ஆள் இருந்தால் கதிரை ஒவ்வொரு வருடமும் என் மேசைக்குத் திரும்பி வரும். லவீனா படித்து முடிய ஐந்து வருடம். அந்த ஐந்து வருடமும் கதிரையில் யாராவது இருக்க வேண்டும், ஆனால் ஒருவரும் நிலைக்கக் கூடாது. பேருந்தில் துவாய் போட்டு இடம் பிடிப்பது மாதிரித்தான். நான் ஆட்களைப் போட்டேன்.

விளம்பரத்தை நானே எழுதினேன். தகுதிகளில் ஒன்று: குளிர்நாட்டுக் கடலில் குறைந்தது ஐந்து வருட ஆய்வு அனுபவம். யாழ்ப்பாணக் களப்பில் இறால் பற்றிப் படிப்பிக்கக் குளிர்நாட்டுக் கடல் எதற்கு என்று ஒருவராவது கேட்பார் என்று பார்த்தேன். நிர்வாக சபையில் பதினொரு பேர். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவர், தரம் உயர்ந்திருக்கிறது என்று பாராட்டினார். வெளிநாடு என்ற சொல் வந்தால் எங்கள் ஆட்கள் கேள்வியைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள்.

பத்திரிகையில் எந்தப் பக்கத்தில் போடுவது என்பதும் யோசிக்க வேண்டிய விசயம். மரண அறிவித்தல் பக்கத்தில் போட்டால் முழு யாழ்ப்பாணமும் பார்த்துவிடும். அதனால் விளையாட்டுப் பக்கத்தில், கிரிக்கெட் இல்லாத ஒரு கிழமை பார்த்துப் போட்டேன்.

கிருபைரட்ணம் சேர் வந்தது இரண்டு வருடத்துக்கு முதல். உடுவிலில் பிறந்து வளர்ந்தவர். பதினெட்டு வயதில் கனடாவுக்குப் போனவர். அந்த நாட்டுக் குடியுரிமை எடுத்ததோடு இந்த நாட்டுக் குடியுரிமை போய்விட்டது. முப்பது வருடத்துக்கு மேல் அத்திலாந்திக் கரையில் மீன்களைப் பற்றி ஆராய்ச்சி செய்திருக்கிறார். மனைவி காலமானபின், சொந்த ஊரில் படிப்பிக்க வேண்டும் என்று வந்தவர். ஆக, உடுவில்காரர் ஒருவர் சில மைல் தள்ளியுள்ள பண்டத்தரிப்பில் படிப்பிப்பதற்கு நான் கொழும்புக்கு எழுதி அனுமதி எடுக்க வேண்டியிருந்தது. அவருக்கு அது பகிடியாக இருந்தது.

"கிறகோரி, நான் இஞ்சை அந்நியனாம். எங்கடை கிணத்தடியிலை கிடக்கிற தவளை கூட இந்த நாட்டுப் பிரசை" என்று சொல்லிச் சிரிப்பார்.

"தவளை வெளியிலை போய்க் குடியுரிமை எடுக்கேல்லை, சேர்" என்பேன் நான்.

அவர் பேசிய தமிழ் நாற்பது வருடத்துக்கு முந்தியது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்து எடுத்த மாதிரி. காலையில் விரிவுரைக்கு முதல் என் மேசைக்கு வந்து தேத்தண்ணி குடிப்பார். "நீர் இல்லாட்டி நான் இந்த நாட்டிலை நிண்டிருக்கேலாது" என்று அடிக்கடி சொல்லுவார். நீர் என்றுதான் சொல்லுவார். இரண்டு வருடத்தில் ஒரு தடவையும் நீங்கள் என்று சொன்னதில்லை. அதைப்பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. அவருடைய பழைய வீட்டைத் திருத்த மேசன் பிடித்துக் கொடுத்ததும் நான்தான். நல்ல மனிதர். பிள்ளைகளுக்கு அவரைப் பிடிக்கும். எனக்கும் பிடிக்கும். இதை நீங்கள் நம்பாவிட்டால் மிச்சத்தை வாசித்துப் பிரயோசனமில்லை.

இந்த வருடம் தை மாதம் ஒரு நாள் அவர் தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டுச் சொன்னார்.

"கிறகோரி, இரட்டைக் குடியுரிமைக்குப் போட்டிருந்தனான் எல்லே. நேர்முகத்துக்குக் கூப்பிட்டிட்டாங்கள். சித்திரையிலை."

"சந்தோசம், சேர்."

"இனி உமக்கு என்ரை விசாச் சோலி இல்லை. நான் உள்ளூர் ஆள். பியாட்றிஸ் மிஸ் நிரந்தர நியமனம் தாறன் எண்டவ. அறுபத்தைஞ்சு மட்டும் நிண்டு, பேந்து இஞ்சையே சாகலாம்."

அவருக்கு ஐம்பத்தொன்பது வயது. இன்னும் ஆறு வருடம். அது முடியும்போது லவீனாவுக்கு முப்பத்தாறு வயதாகிவிடும். அவள் ஐப்பசியில் படிப்பு முடிக்கிறாள். நான் அவருக்கு இன்னொரு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

அன்றைக்கு நான் கோபப்படவில்லை. மீன் பிடிக்கிறவன் மீனோடு கோபிப்பதில்லை. அது எந்தப் பக்கத்தால் வரும் என்று பார்ப்பான். விதியை எடுத்து மறுபடி வாசித்தேன். அவர் குடிக்கமாட்டார், களவெடுக்கமாட்டார், தனியார் வகுப்பு எடுக்கமாட்டார். கேட்ட பிள்ளைகளுக்கு இலவசமாகக்கூட வீட்டில் படிப்பிக்கவில்லை, விசாவில் இல்லை என்று நானே ஒருமுறை சொல்லிவைத்திருந்தேன். அவ்வளவு ஒழுங்கான மனிதரை விதியால் பிடிப்பது கடினம். ஆனால் அவரிடம் ஒரு குறை இருந்தது. முப்பது வருடத்துக்கு மேல் மீனைப் படித்தவர், ஒரு நாளும் வலை இழுத்ததில்லை. அந்த வெட்கம் அவருக்குள் இருந்தது.

"சேர், எங்கடை மச்சான்ரை வாடிக்கு ஒருக்கா வாருங்கோவன்" என்றேன். "கரைவலை இழுக்கிறதைப் பாக்கலாம்."

அவருடைய முகம் பத்து வயதுப் பிள்ளையின் முகம் மாதிரி மலர்ந்தது.

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை காலை அவரைக் கூட்டிக்கொண்டு போனேன். மாமாவின் வாடியை இப்போது நடத்துவது என் மனைவியின் தம்பி சீவரத்தினம். மண்டாடியும் அவன்தான், அதாவது வலை எப்போது விடுவது, எப்போது இழுப்பது என்று சொல்லுகிறவன். உழவு இயந்திரத்தில் கயிற்றைச் சுற்றி இழுப்பதைத் தடை செய்தபிறகு வாடிக்கு ஆட்கள் காணாது. அன்றைக்கும் ஒரு பக்கக் கயிற்றில் ஆறு பேர்தான் நின்றார்கள்.

"உவர் ஆர் அத்தான்?" என்றான் சீவரத்தினம்.

"எங்கடை கல்லூரியிலை மீனைப்பற்றிப் படிப்பிக்கிறவர்."

"ஆருக்கு, மீனுக்கோ?"

கயிற்றில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் விடவில்லை. "படிச்ச மீன் எண்டால் எங்கடை வலைக்கு வராதே. ஐயா, நீங்கள்தான் இப்ப எங்கடை பிழைப்பைக் கெடுக்கிறியள் போல."

சேருக்கு அந்தப் பகிடி நன்றாகப் பிடித்துவிட்டது. சப்பாத்தைக் கழற்றினார். காற்சட்டையை முழங்கால் மட்டும் மடித்துவிட்டார். நான் ஒன்றும் சொல்லவில்லை. "நானும் ஒருக்காப் பிடிக்கட்டோ?" என்று அவராகத்தான் கேட்டார். இதைக் கவனியுங்கள் ஐயா. அவராகத்தான் கேட்டார்.

மீனைத் தெரிந்து பிரிக்கிற ஸ்ரெல்லா அக்கா கவிழ்த்துவைத்த ஓலைக் கடகத்தில் குந்தியிருந்து பார்த்துக்கொண்டிருந்தா. "ஐயா, உது புத்தகம் பிடிக்கிற பிடி" என்றா. "கயித்தைக் கட்டின பெண்சாதியைப் பிடிக்கிற மாதிரிப் பிடியுங்கோ. இறுக்கிப் பிடிச்சாலும் நோகும், விட்டாலும் போயிடும்."

"என்ரை மனுசி காலமாகீட்டா அக்கா" என்றார் சேர், மூச்சு வாங்கிக்கொண்டு.

"அப்ப உங்களுக்குக் கயிறுதான் துணை. வடிவாப் பிடியுங்கோ."

இரண்டு மணித்தியாலம் இழுத்தார். வயதுக்கு நன்றாகவே இழுத்தார். மீன் சேருகிற வலைப்பை, எங்கள் பேச்சில் மடி, கரைக்கு வந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, சூடை மீனும் கொஞ்சம் காரலும். அவர் மணலில் முழங்காலில் இருந்து ஒவ்வொரு மீனுக்கும் லத்தீன் பெயர் சொன்னார். ஸ்ரெல்லா அக்கா ஒவ்வொரு மீனுக்கும் எந்தக் கறி என்று சொன்னா. இரண்டு பேரும் ஒருவரையொருவர் மதித்தார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

இனி எங்கள் கரையின் வழக்கத்தை நான் சொல்ல வேண்டும், ஏனென்றால் கொழும்பில் ஒருவருக்கும் இது தெரியாது, உடுவிலிலும் தெரியாது. கயிற்றில் கை வைத்தவன் வெறுங்கையோடு போகக்கூடாது. வழியால் போகிறவன் ஒரு கை கொடுத்தாலும் அவனுக்குக் கறிக்கு மீன் உண்டு. அவன் வேண்டாம் என்று போனால் அடுத்த முறை மடி வெறுமையாக வரும் என்பது நம்பிக்கை. அதனால் கொடுக்காமலும் விடமாட்டார்கள், வாங்காமலும் விடமாட்டார்கள்.

சீவரத்தினம் ஒரு சொப்பிங் பையில் சூடை மீனை அள்ளிப் போட்டு நீட்டினான். சேர் இரண்டு கையாலும் மறுத்தார்.

"எனக்கு வேண்டாமப்பா. நான் சும்மா விளையாட்டுக்குப் பிடிச்சனான்."

சீவரத்தினத்தின் முகம் கறுத்தது. கயிறு சுருட்டிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் அந்தப் பையை வாங்காமல் விட்டிருந்தால் இந்த விசாரணை இல்லை, நீங்களும் வீட்டில் ஆறுதலாக இருந்திருப்பீர்கள். நான் அவருடைய காதுக்குள் சொன்னேன்.

"வாங்குங்கோ சேர். வேண்டாமெண்டு போனால் நாளைக்கு மடி வெறுமையா வருமெண்டு பயப்பிடுவினம். ஏழையள். அவையின்ரை மனதை நோகடிக்காதேங்கோ."

வாங்கினார். கண் கலங்கியிருந்தது. நான் என் தொலைபேசியில் படம் எடுத்தேன். ஒரு கையில் கயிறு, ஒரு கையில் மீன் பை, பின்னால் கடல். அருமையான படம். அவருக்கு உடனே அனுப்பினேன். திரும்பி வருகிற வழியில் முகநூலில் போடப் போகிறேன் என்றார்.

"என்னெண்டு எழுத, கிறகோரி?"

"நடந்ததை எழுதுங்கோ, சேர்."

அவர் எழுதியது இது: "ஐம்பத்தொன்பது வயதில் என் முதலாவது உண்மையான கூலி. இரண்டு மணித்தியால வேலை, ஒரு பை சூடை மீன்." முந்நூற்றுக்கு மேல் ஆட்கள் விரும்பியிருந்தார்கள். பியாட்றிஸ் மிஸ் இதயம் போட்டிருந்தா.

திங்கட்கிழமை காலை நான் கொழும்பு குடிவரவுத் திணைக்களத்துக்குக் கடிதம் எழுதினேன். மூன்றே வசனம். எமது கல்லூரியின் பொறுப்பில் உள்ள இன்னார், விசாவில் குறிப்பிட்ட பதவிக்குப் புறம்பான வேலையில் ஈடுபட்டு அதற்கு ஊதியம் பெற்றதாக அவரே பகிரங்கமாக அறிவித்துள்ளார். படமும் அவருடைய குறிப்பும் இத்துடன் இணைக்கப்பட்டுள்ளன. தேவையான நடவடிக்கைக்காக அறியத் தருகிறேன். இதில் ஒரு சொல் பொய்யா என்று காட்டுங்கள். மீன்வள விரிவுரையாளர் வலை இழுத்தால் அது ஆய்வுதானே என்று நீங்கள் கேட்கலாம். மீனைப் பார்த்துக் குறிப்பெடுத்திருந்தால் ஆய்வு. கறிக்குக் கொண்டுபோனால் கூலி. அவர் கொண்டுபோனார், பொரித்தும் சாப்பிட்டார். எனக்கும் நாலு பொரியல் மதியச் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்து தந்தார். நல்ல உறைப்பு.

கொழும்பிலிருந்து இரண்டு உத்தியோகத்தர்கள் வந்தார்கள். மரியாதையானவர்கள். கேட்டார்கள், வலை இழுத்தீர்களா? ஓம் என்றார். அதற்கு ஏதாவது பெற்றீர்களா? ஓம், மீன் என்றார். பொய் சொல்லத் தெரியாத மனிதர். பதினான்கு நாள் கொடுத்தார்கள். விசா மீறல் பதிந்தபிறகு சித்திரை நேர்முகமும் நின்றுபோகும் என்று நினைத்தேன். சரியாகத்தான் நினைத்திருக்கிறேன்.

அவர்கள் போனபின் அவர் என் மேசைக்கு வந்தார். வாங்கில் இருந்தார். அன்றைக்குத் தேத்தண்ணி கேட்கவில்லை.

"கிறகோரி, உது பகிடிக்கு எழுதினது எண்டு நீர் ஒரு கடிதம் குடும்."

"பகிடி எண்டு எழுதலாம் சேர். ஆனால் கூலி எண்டு நீங்களே எழுதியிருக்கிறியள்."

"நான் உடுவிலிலை பிறந்தனான்" என்றார்.

"ஓம் சேர். பிறப்புச் சாட்சிப் பத்திரம் கோவையிலை இருக்கு."

கொழும்புக்கு அறிவித்தது யார் என்று அவர் கேட்கவில்லை. யாரோ முகநூலில் பார்த்துக் கோள் சொல்லியிருக்கிறார்கள் என்றுதான் நினைத்தார். போகிற நாளில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். வீட்டைப் பூட்டித் திறப்பை என்னிடம்தான் தந்தார். கிணற்றடியில் அவர் நட்ட இதரை வாழைகளுக்கு ஞாயிறு பூசை முடிந்து நான் போய்த் தண்ணீர் விடுகிறேன். ஒன்று குலை தள்ளியிருக்கிறது. படம் எடுத்து அனுப்பினேன். "நீர் இருக்கிறதாலை எனக்கு நிம்மதி" என்று பதில் போட்டிருக்கிறார்.

இனி உங்களுடைய இரண்டாவது கேள்வி. என் மேசையின் இழுப்பு லாச்சியில் கண்டெடுத்த விண்ணப்பம். அதை நான் தொலைத்துவிட்டேன் என்று பியாட்றிஸ் மிஸ் உங்களிடம் சொல்லியிருக்கிறா. அவ என்னைக் காப்பாற்றப் பார்க்கிறா. தொலைப்பது கவனயீனம். முப்பத்தொரு வருடத்தில் நான் ஒரு கடதாசியும் தொலைத்ததில்லை. அது லாச்சியில் இருந்தது, ஏனென்றால் நான் அதை லாச்சியில் வைத்தேன்.

அந்த விண்ணப்பத்தை அனுப்பிய ஜெயசுதன் பண்டத்தரிப்புப் பொடியன். தோட்டக்காரரின் மகன். மீன்வளத்தில் முதல் வகுப்பு, மேற்படிப்பும் முடித்தவன். முதல் விளம்பரத்துக்குப் போட்டான், குளிர்நாட்டு அனுபவம் இல்லை என்று தள்ளிவிட்டேன். கிருபைரட்ணம் சேர் வருவதற்கு முதல் போட்ட இரண்டாவது விளம்பரத்துக்கு, விண்ணப்பத்தோடு நிர்வாக சபைக்கு ஒரு கடிதமும் இணைத்திருந்தான். யாழ்ப்பாணக் கடல் குளிர்ந்த கடல் அல்ல, எனவே இந்தத் தகுதி இந்தப் பதவிக்குப் பொருந்தாது என்று நாலு பக்கத்தில், அட்டவணையோடு, மிகப் பணிவாக விளக்கியிருந்தான். சபை அதை வாசித்திருந்தால் அவனை அன்றைக்கே எடுத்திருக்கும். அதனால் சபை வாசிக்கவில்லை. தகுதியான உள்ளூர் ஆள் எவரும் விண்ணப்பிக்கவில்லை என்று கொழும்புக்கு எழுதினேன். என் வாழ்க்கையில் நான் எழுதிய ஒரே பொய் வசனம் அது. அதையும் விசா புதுப்பிக்கிற ஒவ்வொரு தடவையும் திரும்ப எழுத வேண்டி வந்தது.

அவன் இப்போது குருநகரில் ஒரு ஐஸ் ஆலையில் வேலை செய்கிறான். குளிர் அனுபவம் கூடிக்கொண்டுதான் இருக்கிறது. கண்டால் எழும்பி நின்று வணக்கம் சொல்லுவான். நல்ல வளர்ப்பு.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், கோவை முழுமையாக இருப்பது நல்லது. கிருபைரட்ணம் சேருக்கு முதல் அந்தக் கதிரையில் பிலிப்பைன்சிலிருந்து வந்த ஒரு அம்மா இருந்தா. அவவுக்கு மூன்றாம் வருடம் ஊர் பிடித்துவிட்டது. மாதா கோவில் பாடகர் குழுவில் சேர்ந்தா, தமிழில் சண்டை பிடிக்கவும் பழகிவிட்டா. ஐந்து வருட ஒப்பந்தம் கேட்டா. விசா புதுப்பிக்க வேண்டிய மாதம் அவவுடைய கடவுச்சீட்டு பாதுகாப்புக்காக என் அலுமாரியில் இருந்தது. நான் மடுத் திருவிழாவுக்குப் போயிருந்தேன். அலுமாரித் திறப்பும் என்னோடு வந்துவிட்டது. திரும்பி வரத் திகதி போய்விட்டது. அவவுக்காக மெழுகுதிரி கொளுத்தினேன் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆக மூன்று பேர். மூன்று பேரிலும் ஒருவரையும் நான் அடிக்கவில்லை, ஏசவில்லை, ஒருவரிடமும் ஒரு சதம் வாங்கவில்லை. கடற்கரையில் ஒரு இடத்துக்காக மண்டை உடைத்துக்கொண்ட ஆட்களை நான் கண்டிருக்கிறேன். அதோடு பார்த்தால் இது எவ்வளவு நாகரிகமான வேலை.

பிழை ஒன்று நடந்ததுதான். அதையும் மறைக்கவில்லை. சேர் போய் ஒரு மாதம் கழித்து லவீனா தொலைபேசி எடுத்தாள்.

"அப்பா, கிருபைரட்ணம் சேர் ஏன் போனவர்?"

"விசாச் சிக்கல், பிள்ளை. உனக்கு அவரைத் தெரியுமே?"

"தெரியுமோவோ? ரெண்டு வருசமா எழுதிக் கதைக்கிறம். என்ரை ஆய்வை அவர்தான் திருத்தித் தாறவர். அப்பா, நான் திரும்பி வரமாட்டன் எண்டு எத்தினை தரம் சொன்னனான். இந்த வருசம்தான் வாறன் எண்டனான். அவரோடை வேலை செய்யத்தான். தனக்குக் குடியுரிமை வந்தவுடனை எனக்கும் ஒரு இடம் கேக்கிறன் எண்டவர். சபைக்குக் கடிதமும் குடுத்தவர். உங்களுக்குச் சொல்லவேண்டாமாம், நியமனக் கடிதம் உங்கடை கையாலையே வரட்டுமாம்."

பியாட்றிஸ் மிஸ்ஸிடம் விசாரித்தேன். உண்மைதான். சபை புதிய பதவியொன்றுக்கு ஓமென்றும் சொல்லியிருக்கிறது. அந்தக் கடிதம் என் மேசையால் போகவில்லை. எல்லாக் கடிதமும் என் மேசையால்தான் போக வேண்டும் என்று முப்பத்தொரு வருடமாகச் சொல்லி வருகிறேன். ஒழுங்கு மீறினால் இப்படித்தான் நடக்கும்.

அன்றைக்கு லவீனாவைத் தேற்றத்தான் உண்மையைச் சொன்னேன்.

"பிள்ளை, ஒண்டுக்கும் யோசியாதை. கதிரை காலி. அப்பா உனக்காகக் காலியாக்கி வைச்சிருக்கிறன்."

"நீங்களோ, அப்பா?"

"ஓம்."

அவள் மெல்லச் சொன்னாள். "இஞ்சை ஒரு பல்கலைக்கழகத்திலை என்னைக் கூப்பிட்டிருக்கினம். நானும் இஞ்சை அந்நியப் பிள்ளைதான் அப்பா. உள்ளூர் ஆள் ஒருத்தரும் வந்தவர். ரெண்டு பேரையும் நேராப் பாத்துத்தான் என்னை எடுத்தவை. ஆரும் ஒண்டையும் லாச்சியிலை ஒளிக்கேல்லை." லாச்சிக் கதை அவளுக்கு எப்படிப் போனது என்று தெரியவில்லை. ஜெயசுதனும் அவளும் ஒரே வகுப்பு என்று றோஸ் சொல்கிறாள். "அந்தக் கதிரையை நீங்களே வைச்சிருங்கோ" என்றாள்.

பிள்ளைகள் களைப்பில் பலதும் சொல்லுவார்கள். ஆய்வு முடிகிற காலம் அப்படித்தான் இருக்கும்.

உங்கள் அறிக்கைக்குத் தேவையான வசனத்தை இதோ தெளிவாகத் தருகிறேன். மூவரையும் அந்தக் கதிரையில் இருக்கவிடாமல் செய்தது நான், தெரிந்துதான் செய்தேன், தனியாகத்தான் செய்தேன். தண்டனை எதுவானாலும் ஏற்றுக்கொள்கிறேன். ஒரேயொரு வேண்டுகோள், ஐப்பசி வரை அந்தப் பதவிக்கு ஒருவரையும் நிரந்தரமாக நியமிக்க வேண்டாம். புதிய விளம்பரத்தின் வரைவை இத்துடன் இணைத்திருக்கிறேன். லவீனாவிடமும் திகதியை உறுதிப்படுத்தத்தான் ஒவ்வொரு நாளும் தொலைபேசி எடுத்துப் பார்க்கிறேன். நியூசிலாந்து முன்னேறிய நாடு என்கிறார்கள், ஆனால் மூன்று கிழமையாக அங்கே சிக்னல் சரியில்லை.